மாந்தோப்புகளுக்கு நடுவே ஒரு காயா வனம்

பங்குனி பாதி கடந்துவிட்டால் நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் பூ உதிர்ந்து, பிஞ்சு காயாகத் திரளத் தொடங்கியிருக்கும். காற்று சற்று வேகமாக அடித்தாலும் தோப்புக்காரர்கள் பதறிப்போய் அண்ணாந்து பார்க்கிற நேரம் அது. திண்டுக்கல் மாவட்டத்தில், இப்படி மாந்தோப்புகள் சூழ, அழகர்மலைக் காப்புக்காட்டை ஒட்டி இருக்கிறது காசம்பட்டி வீரக்கோயில் காடு. மொத்தப் பரப்பு 4.97 ஹெக்டேர். நம் கணக்கில் பன்னிரண்டேகால் ஏக்கர். ஒரு நடுத்தர விவசாயியின் தோப்பு அளவுதான்.

ஆனால், தோப்பைத் தாண்டிக் காட்டுக்குள் கால் வைத்ததும் தரையே வேறாகிவிடுகிறது. தோப்பில் உழுது காய்ந்த மண். இங்கே சருகு மெத்தை. வெளியே வெயில் கொளுத்தும்போதும் மேல் சருகை விலக்கினால், அடிச்சருகு மட்கிக் கறுத்திருக்கும். அதற்குள் மரவட்டை, கரையான், பெயர் தெரியாத பூச்சிகள். பெய்கிற மழை ஓடிப்போகாமல் இறங்குவது இந்த மெத்தை வழியாகத்தான். யாரும் குழி வெட்டவில்லை, வரப்புப் போடவில்லை.

இந்தக் காட்டின் முக்கிய மரம் காயா. சில ஊர்களில் காசா என்பார்கள். உயரமாக வளராது, தடித்த, பளபளப்பான இலை, கோடையிலும் பச்சை மாறாது. இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். கட்டை இரும்பு மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட கட்டை மெதுவாகத்தான் வளரும் என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்றைக்கு வெட்டினால், அதே அடர்த்தியைப் பேரப்பிள்ளைகள் பார்ப்பதே சந்தேகம்.

வெயில் ஏறத் தொடங்கும் பருவத்தில் காயா பூக்கும். கிளை நுனியில் அல்ல, இலை உதிர்ந்த பழைய கணுக்களில் கொத்துக் கொத்தாக, ஊதா கலந்த நீலத்தில். திருமாலின் நிறத்துக்குப் புலவர்கள் உவமை சொன்ன காயாம்பூ இதுதான். அந்தப் பூ அழகர்மலை ஓரத்திலேயே இப்படிக் கூட்டமாகப் பூப்பது பொருத்தம்தான்.

பூத்த மரத்தடியில் சற்று நின்றால் 'ர்ர்ர்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். காயாவின் மகரந்தப் பையில் சிறு திறப்புதான் உண்டு. தச்சுத் தேனீ போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். மிளகுப்பொடி டப்பாவைத் தட்டினாற்போல மகரந்தம் கொட்டும். பிறகு கறுநீலப் பழம் பழுக்கும். அதைத் தின்னக் கொண்டைக்குருவிகள் வரும். விதையைத் தூக்கிப்போய்ப் போடுவதும் பறவைகள்தான்.

தோப்புக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மாமரத்தின் ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். காய்க்கக்கூடிய பூக்களுக்கு மகரந்தம் கொண்டுபோவது ஈக்களும் கொசுத்தேனீ போன்ற சிறு தேனீக்களும். மா பூப்பது சில வாரம்தான். மீதி மாதங்களில் இந்தப் பூச்சிகள் எங்கே தங்கும், எதைத் தின்னும்? சுத்தமாக உழுது, களை ஒன்றுகூட இல்லாமல் வைத்திருக்கும் தோப்பில் அவற்றுக்கு எதுவும் இல்லை. மட்கும் சருகும், மாற்றி மாற்றிப் பூக்கும் செடிகொடியும் உள்ள காட்டில் உண்டு. தத்துப்பூச்சிக்குப் பயந்து, பூ முழுதாக விரிந்திருக்கும்போது மருந்தடிக்கிறவர்கள், காடு வளர்த்து அனுப்புகிற வேலையாட்களைத் தாங்களே கொன்றுவிடுகிறார்கள். மருந்து தவிர்க்க முடியாது என்றால், பூங்கொத்து தலைகாட்டும்போதே அடித்து முடித்துவிட்டு, பூ விரியும் நாட்களில் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நல்லது.

2025 மார்ச்சில் இந்தக் காட்டைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழக அரசு அறிவித்தது. 2022-ல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிக்குக் கிடைத்த அதே தகுதி, மாநிலத்தில் இரண்டாவது. அறிவிப்பு என்றதும், 'வேலி போட்டு நம்மை வெளியே நிறுத்திவிடுவார்களோ' என்ற பயம் எந்தக் கிராமத்திலும் வரும். 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் வரும் இந்த ஏற்பாட்டில் அந்தப் பயம் தேவையில்லை. ஊர்மக்களின் வழக்கத்தில் உள்ள வழிபாட்டுக்கும் பயன்பாட்டுக்கும், அவர்களாக ஒப்புக்கொண்டதைத் தவிர வேறு தடை வராது என்பதே இதற்கான வழிகாட்டுதல்.

உண்மையான ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சாமி காட்டில் அரிவாள் வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் தமிழ்நாட்டின் கோயில்காடுகளை இத்தனை காலம் காப்பாற்றியது. இப்போது பக்தி குறையவில்லை. அதன் வடிவம் மாறிவிட்டது. சாமிக்கு மண்டபம், மண்டபத்துக்கு முன் சிமென்ட் தளம், வண்டி நிறுத்த இடம் என்று ஒவ்வொன்றுக்கும் நாலு மரம் போகிறது. கோயில் வளர்ந்து காடு தேய்ந்த ஊர்கள் நிறைய உண்டு. கொடை நடத்துகிற கமிட்டிக்காரர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

தங்கள் ஊர்க் காட்டுக்கும் இந்தத் தகுதி வேண்டும் என்று நினைப்பவர்கள், முதலில் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அணுகலாம். காட்டில் என்னென்ன மரம், கொடி, பறவை இருக்கின்றன என்று ஊர்ப் பெரியவர்களை வைத்து எழுதி வைத்துக்கொள்வது பேச்சுக்கு உதவும்.

காசம்பட்டிக்குப் போகிறவர்கள் காலை வெயில் ஏறுவதற்குள் போவது நல்லது. பறவைகளும் தேனீக்களும் அப்போதுதான் சுறுசுறுப்பாக இருக்கும். காயா பூ சீக்கிரம் முடிந்துவிடும். மாங்காய் பறிப்பு தொடங்கிவிட்டால், அந்தப் பக்கத்தில் நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது.