எலிக்கு முன்பே கொடுத்தார்கள்

ஆடி கடைசி வெள்ளி

இருக்கன்குடியில் கால் வைக்க இடமில்லை. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற மணலில் பொங்கல் புகை, அக்கினிச்சட்டி, வரிசை வரிசையாக மொட்டைத் தலைகள். கீமோவில் முடி கொட்டிப்போன அத்தைக்கு அதில் ஒரு ஆதங்கம். "அம்மனுக்கு மொட்டை போட வழியில்லாமப் பண்ணிட்டாங்களே மருமகனே!"

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். மஞ்சள் சத்தும் மிளகுச் சத்தும் சேர்ந்த மாத்திரை. பயராபீஸில் (பட்டாசு ஆலையில்) கூட வேலை பார்த்த அக்கா வாங்கிக் கொடுத்தாராம். எலிகளுக்கு மார்பகக் கட்டி குறைந்தது என்று உள்ளே ஒரு தாள்.

"எலிக்குக் கேட்டா எனக்குக் கேக்காதா?"

சனி

தாளில் இருப்பது பொய் இல்லை. முழுசாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எலிக்குத் தானாகக் கட்டி வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, வரவழைக்கிறார்கள். 1961-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற ஆய்வாளர் காட்டிய வழி அது. 50 நாள் வயதுப் பெண் எலிக்கு டிஎம்பிஏ என்ற நச்சு 20 மில்லிகிராம். அதை நல்லெண்ணெயில் கரைத்து (ஆமாம், நம் நல்லெண்ணெய்தான்) குழாய் வழியாக வயிற்றுக்குள் ஒரே ஒரு தடவை விடுவார்கள். சில வாரங்களில் ஏறக்குறைய எல்லா எலிக்கும் கட்டி. எலிக்குப் பன்னிரண்டு காம்பு. கழுத்தடியிலிருந்து தொடை இடுக்குவரை இரு வரிசையையும் விரலால் தடவிப் பார்த்து, தட்டுப்படுவதை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்கிறார்கள்.

இந்த வகைச் சோதனைகள் பலவற்றில் மூலிகைச் சத்தை நச்சுக்கு முன்பே கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். அது வராமல் தடுக்குமா என்று பார்ப்பது. அத்தைக்கோ கட்டி வந்த பிறகுதான் மாத்திரையே வந்தது.

அளவும் இடிக்கிறது. எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் குர்குமின் (மஞ்சளின் சத்து) என்றால், வழக்கமான கணக்கில் ஆறால் வகுத்து, 60 கிலோப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2 கிராம். குழம்பில் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்குச் சில பங்குதான். மிளகு எதற்கு? பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1998-இல் கண்டது: குர்குமினோடு மிளகின் பைப்பரின் சேர்ந்தால், குர்குமின் உடலில் சேர்வது எலியில் 154 சதவீதம் கூடியது, மனிதரில் 2000 சதவீதம். எலி வேறு, நாம் வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செவ்வாய்

இன்று கண்ணில் பட்டதைத்தான் அத்தையிடம் உடனே சொன்னேன். 2002, அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகம். மனித மார்பகப் புற்று வளர்த்த சுண்டெலிகளுக்கு சைக்ளோஃபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்தார்கள். தீவனத்தில் குர்குமின் சேர்ந்த சுண்டெலிகளில் மருந்துக்குக் கட்டி சரியாகச் சுருங்கவில்லை. அத்தைக்கு ஏறும் சொட்டு மருந்தில் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் ஒன்று.

அந்த எலியை நம்பாதவன் இந்தச் சுண்டெலியை மட்டும் நம்பலாமா? நானும் யோசித்தேன். ஒன்றை விழுங்கச் சொல்ல நிறைய சாட்சி வேண்டும். கீமோ ஓடும்போது ஒன்றை நிறுத்தச் சொல்ல சந்தேகமே போதும். டாக்டரிடம் போனில் கேட்டோம். கீமோ முடியும்வரை தொடவேண்டாம் என்றார்.

"அப்ப குழம்புக்கு மஞ்சப்பொடி?"

"தாராளமாப் போடுங்கம்மா."

மாத்திரையை நிறுத்துவதில் அத்தைக்கு வருத்தமில்லை. வாங்கிக் கொடுத்த அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் கவலை. பயராபீஸ் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதாம். பிரித்த டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவும் மாட்டார்.