லாங் ஐலண்டும் எங்கள் பழைய மோட்டாரும்

நீளம் என்ற சொல்லில் கரக்பூர்வாசிகளுக்குத் தனிப் பெருமை ஒன்று இருந்தது. 1,072 மீட்டர் நீளமுள்ள எங்கள் ரயில் நிலையத்து நடைமேடையே உலகில் மிக நீண்டது என்று பள்ளிப் புத்தகங்களில் அச்சாகி வந்த காலம் அது. 2013-இல் கோரக்பூர் 1,366 மீட்டர் கட்டி அப்பெருமையைக் கொண்டு போயிற்று. 2023-இல் ஹுப்பள்ளி 1,507 மீட்டருடன் அதனையும் விஞ்சிவிட்டது. ஆகவே, அந்தமானில் லாங் ஐலண்ட் என்றொரு தீவு உண்டு, அதன் பெயருக்கே நீண்ட தீவு என்று பொருள் என்று சொன்னவுடன், "நம் பிளாட்பாரத்தைக் காட்டிலும் நீளமா?" என்று எங்கள் பிள்ளைகள் கேட்டதில் வியப்பில்லை.

அத்தீவுக்குச் செல்ல ரயில் கிடையாது. அந்தமான் முழுமையிலுமே கிடையாது. நாங்களோ ரயில்வே குமாஸ்தாக் குடும்பம். பாஸ் செல்லாத இடத்துக்குக் கைப்பணம் கொடுத்துப் போவது எங்கள் வட்டாரத்தில் ஏளனத்துக்குரிய செயல். அதனினும் பெரிய குறை, எங்கள் கார் அங்கே வராது என்பது. அந்தக் காரை வைத்துக்கொள்வதா, பழைய இரும்புக்குப் போடுவதா என்ற கேள்வியைச் சுமந்துகொண்டுதான் நாங்கள் புறப்பட்டோம். ஆதலின் அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம்.

அது 2006-ஆம் ஆண்டு மார்ச்சில் பதிவான டீசல் அம்பாசிடர். 2021-இல் 48,000 ரூபாய்க்கு வாங்கினோம். "பாஸ் இருக்கையில் கார் எதற்கு?" என்று கேட்காத நண்பர் இல்லை. எங்கள் அன்னையாருக்கு முழங்கால் வலி. ரயில் தன் விருப்பப்படி நிற்கும். அவருடைய முழங்காலின் விருப்பப்படி நிற்காது. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நான்கடி நடந்தால்தான் அவருக்குப் பயணம் கைகூடும். அவர் சிறுமியாக இருந்தபோது, கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, கட்டுச்சோறும் கூஜாவுமாகக் குலதெய்வக் கோயிலுக்குப் போன கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாடு அவிழ்த்த இடத்தில் சமையல். மர நிழலில் உறக்கம். அந்தக் கூண்டு வண்டியைத்தான் நாங்கள் வேறு உருவத்தில் வாங்கினோம்.

வங்காளத்தில் இருப்போருக்கு அம்பாசிடர் அயலார் அன்று. ஹவுராவிலிருந்து பர்த்தமான் செல்லும் தடத்தில் உத்தரபாடாவுக்கும் கோன்னகருக்கும் இடையே ஹிந்த்மோட்டார் என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. மோட்டார்த் தொழிற்சாலையின் பெயரால் வந்த பெயர் அது. ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1950-களின் பிற்பகுதியிலிருந்து 2014 மே வரை அம்பாசிடர் அங்கே உருவாயிற்று. பின் சக்கரங்களுக்கு மேல் லாரியில் இருப்பதைப் போன்ற பட்டை வில்கள் உண்டு. பாரம் ஏற ஏற வண்டி அடங்கி ஓடும். பின் இருக்கைக்கு முன்னே கால் வைக்கும் பள்ளத்தில் இரண்டு தகரப் பெட்டிகளை இறக்கி, மேலே மெத்தை விரித்தால் அன்னையாருக்கும் பிள்ளைகள் இருவருக்கும் படுக்கை ஆயிற்று. கூரைமேல் கேரியரிலிருந்து ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் எங்கள் இருவருக்கும் கூடாரம். இவ்வாறே தீகா, பூரி, சில்கா எல்லாம் போய் வந்தோம். சாந்திப்பூரில் கடல் சில கிலோமீட்டர் தொலைவு உள்வாங்கிப் போய், மீண்டும் திரும்பி வருவதைக் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்பில் ரசம் கொதிக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேல்நாட்டில் இது பெரிய கலை. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கப்பற்படை மருத்துவர் 1885-இல் இரண்டு குதிரைகள் பூட்டிய வீட்டு வண்டி ஒன்றில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை உல்லாசமாகப் போனார். அவ்வண்டியைக் கட்டிக் கொடுத்தது பிரிஸ்டலில் ரயில் பெட்டிகள் செய்து வந்த தொழிற்சாலை என்பதில் எங்களுக்கு ஒரு திருப்தி. 1907-இல் இத்தகைய வண்டிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கமே கண்டார்கள். பிறகு குதிரையின் இடத்துக்குக் கார் வந்தது. அங்கே நடுத்தரக் குடும்பத்தார் பலர் பழைய பெரிய காரையே இதற்குத் தேடி வாங்குவார்கள். காரணம் இரண்டு. பெரிய கார் எண்ணெய் குடிக்கும், பழுதுச் செலவு வைக்கும் என்ற அச்சத்தால் அதன் விலை விரைவில் விழுந்துவிடுகிறது. மற்றொன்று, இழுக்கும் கார் கனமாக இருந்தால்தான் பின்னால் வரும் வீட்டு வண்டி காற்றில் ஆடாது. சாமான்களுடன் சேர்ந்த அதன் எடை காரின் எடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ரயில்வேயும் சும்மா இருக்கவில்லை. 1933-இல் ஆங்கில ரயில்வே ஒன்று, ஓய்வு கொடுத்த பழைய பெட்டிகளைக் கிராம நிலையங்களின் ஓரத் தடங்களில் நிறுத்திக் கட்டிலும் அடுப்பும் போட்டு, விடுமுறைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. நம் நாட்டில் சொந்தக் காரின் பின்னே வீட்டைக் கட்டி இழுக்கும் வழக்கம் வேரூன்றவில்லை. வீட்டையும் காருக்குள்ளேயே அடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி எங்கள் சிக்கலுக்கு வருவோம். பதினைந்தாண்டு கடந்த சொந்தக் காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய்தான். நாங்கள் 2021-இல் அதையே கட்டினோம். 2022 ஏப்ரலிலிருந்து அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபதாண்டு கடந்த கார்களுக்கு 10,000 என்றார்கள். எங்கள் காருக்கு 2026 மார்ச்சில் இருபது நிறைகிறது. புதிய டயர்கள் வேறு வேண்டும். பழைய இரும்புக்காரர் 28,000 தருவதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் இரண்டு கட்சிகள். மனைவி இரும்புக்காரர் கட்சி. நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதி வைத்திருந்தார், மறுக்க முடியாதபடி.

கிதர்ப்பூர்த் துறையிலிருந்து கப்பல் ஏறினோம். காரைக் கொல்கத்தாவில் உறவினர் வீட்டு முற்றத்தில் விட்டோம். சரக்குக் கப்பலில் ஏற்றலாமா என்று கேட்டும் பார்த்தோம்; சொன்ன கூலி எங்கள் பைக்கு எட்டவில்லை. போர்ட் பிளேர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம். கொல்கத்தாவிலிருந்து 1,255 கிலோமீட்டர் கடல்வழி. நான்காம் நாள் இறங்கினோம். லாங் ஐலண்ட் அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நேரே கப்பல் உண்டு. ஆனால் நாள்தோறும் இல்லை. ஆகவே ரங்கத் வரை பஸ்ஸில் சென்று, எராட்டாத் துறையில் படகு ஏறுவது என்று தீர்மானித்தோம்.

அந்தப் பஸ் பயணத்தை அன்னையார் எளிதில் மறக்கமாட்டார். ஜிர்காடாங் என்ற இடத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திக் காவலுடன் சேர்த்து அனுப்புகிறார்கள். அதற்கப்பால் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஜாரவாப் பழங்குடியினரின் காடு. அங்கே நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. பத்தாவது கிலோமீட்டரிலேயே அன்னையாருக்குக் குமட்டல் தொடங்கிவிட்டது. எங்கள் காராயிருந்தால் நிறுத்தியிருப்போம். இங்கே கேட்பதற்கும் நாக்கு எழவில்லை. அவர் ஒரு பையை வாயருகே பிடித்துக்கொண்டு, மறு கையால் எங்கள் மகளின் தோளைப் பற்றியபடி மிடில் ஸ்ட்ரெயிட் துறை வரை வந்து சேர்ந்தார். சாலையின் இப்பகுதியை மூடும்படி 2002-இலேயே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நிற்கத் தடை விதித்ததில் நியாயம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் நின்று வேடிக்கை பார்ப்பதற்கு அது யாருமற்ற வெளி அன்று, பிறர் குடியிருக்கும் வீடு. பாரதாங்கைக் கடந்ததும், அடுத்த நீரிணைமேல் இப்போது பாலம் இருக்கிறது. மாலையில் ரங்கத்.

மறுநாள் காலை எராட்டாவில் சதுப்புக் காட்டினூடே கழிமுகம் வழியாகப் படகு நகர்ந்தது. முதலைகள் உண்டு என்ற எச்சரிக்கைப் பலகையைப் பையன் இருமுறை படித்தான். ஒரு மணி நேரத்தில் லாங் ஐலண்ட்.

ஹேவ்லாக், நீல், அவுட்ரம் என்று பக்கத்துத் தீவுகளுக்கெல்லாம் ஆங்கிலப் படைத் தலைவர்களின் பெயரைச் சூட்டியவர்கள், இதற்கு மட்டும் நீளத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள் போலும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் ஆயிரம் பேர் இருந்த ஊர். படகுத்துறை, சில கடைகள், பள்ளிக்கூடம், மரவீடுகள், வீடுகளுக்கிடையே சிமென்டு நடைபாதை. பிள்ளைகள் கார் தேடிப் பந்தயம் கட்டினார்கள். நாங்கள் தங்கிய இரண்டு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. ஹாரன் ஓசை இல்லாத ஊரில் சேவல் கூவுவது எவ்வளவு தூரம் கேட்கிறது!

தேநீர்க் கடையில் எங்கள் பேச்சைக் கேட்டு, "தம்பி எந்த ஊர்?" என்றார் ஒரு பெரியவர். இராமநாதபுரத்துக்காரர். இளமையில் மரவேலைக்கு வந்து இங்கேயே நிலைத்தவர். காட்டிலிருந்து படாக், குர்ஜன் மரங்களை யானைகள் இழுத்து வந்ததையும், தீவில் ஒட்டுப்பலகை ஆலை நடந்த நாளில் கடைத்தெருவில் சம்பள நாளன்று நிற்க இடமில்லாமல் இருந்ததையும் சொன்னார். ஆலை இன்று இல்லை. முன் சொன்ன அதே 2002-ஆம் ஆண்டு ஆணைதான் அந்தமான் மரம் வெட்டுதலையும் ஒடுக்கியது. வேலை போனபின் பலர் ரங்கத்துக்கும் தலைநகருக்கும் பெயர்ந்தார்கள். "நீங்கள் ஏன் போகவில்லை, ஐயா?" என்றோம். "வீட்டைத் தூக்கிக்கொண்டா போகமுடியும், தம்பி?" என்று சொல்லித் தேநீரை ஆற்றினார்.

இத்தீவின் அழகெல்லாம் லாலாஜி விரிகுடாவில் இருக்கிறது. ஊரிலிருந்து காட்டு வழியே ஒன்றரை மணி நேர நடை. அல்லது டுங்கியில் இருபது நிமிடம். டுங்கி என்பது இங்குள்ளோர் எல்லாவற்றுக்கும் கையாளும் இயந்திரம் பூட்டிய சிறு மரப்படகு. போய்வர 2,500 ரூபாய் என்றார் படகுக்காரர். நோட்டுப் புத்தகம் இடங்கொடுக்கவில்லை. "நீங்கள் நடந்து போய் வாருங்கள். நான் இந்தக் கடையிலேயே இருக்கிறேன்" என்றார் அன்னையார். நாங்களும், வெட்கத்துடன்தான், ஒப்புக்கொண்டு புறப்பட்டுவிட்டோம். காடு தொடங்கும் இடத்தில் மகள் ஒரு வேரின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "பாட்டி ஏறாமல் நம் வண்டி கிளம்பாதே, அம்மா?" என்றாள். அது எங்கள் காரில் உள்ள விதி. முதலில் பாட்டி ஏறவேண்டும், பிறகுதான் மற்றவர். மனைவி ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்தார். 2,500 ரூபாயை அவரே எண்ணிக் கொடுத்தார்.

அந்த டுங்கிக்கு வயது எங்கள் காரைவிட அதிகம். இரண்டு முறை இயந்திரம் மாற்றியாயிற்றாம். அடிப்பலகைகளில் பாதி புதியவை. நோயாளிகளை இரவில் ரங்கத்துக்குக் கொண்டு போவதும் இதில்தான் என்றார் படகுக்காரர். பெரியவரும் துணைக்கு வந்து, அன்னையாரை ஏற்றி இறக்கக் கை கொடுத்தார். லாலாஜி விரிகுடாவில் மணல் அரைத்த அரிசி மாவு போல் இருந்தது. தண்ணீரின் நிறத்தைச் சொல்லப் புகுந்தால் பொய் சொல்வதாக நினைப்பீர்கள், விட்டுவிடுகிறோம். காருக்கென்று வாங்கிய தார்ப்பாயைப் பெட்டியோடு கொண்டு வந்திருந்தோம். அதை இரண்டு கடல் மௌவா மரங்களுக்கிடையே கட்டி, விடுதியில் கிளறி வாங்கிய புளியோதரையை உண்டோம். அன்னையார் முழங்கால் வரை நீரில் அமர்ந்து, ஒரு மணி நேரம் எழவில்லை. வலி விட்டிருக்கிறது என்றார். உண்மையோ, எங்கள் மனம் நோகாதிருக்கச் சொன்னதோ.

மனைவி தார்ப்பாயின் நிழலில் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். பஸ்ஸில் அன்னையார் பட்ட பாட்டையும், இந்த 2,500 ரூபாயையும் ஒரு பக்கம் எழுதினார். பிறகு கேட்டார்: "பரிசோதனையில் தேறாது என்று அவர்களே சொல்லட்டும், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?" இரும்புக்காரர் கட்சி அத்துடன் கலைந்தது.

இதைப் படித்துவிட்டுப் பழைய கார் வாங்கப் புறப்படும் அன்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இக்கார்களில் காற்றுப்பை முதலிய நவீனப் பாதுகாப்புகள் இல்லை. இரவில் வேகமாக ஓட்டுவது கூடாது. வாங்குமுன் மிதியடியைத் தூக்கிக் கால் பள்ளத்தின் தகரத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். பதிவு எத்தனை மாதம் மீதி என்று பாருங்கள். தில்லியில் இருப்போருக்குப் பழைய டீசல் வண்டி விதிகள் தனி. அவர்கள் இதை நினையாதிருப்பதே மேல்.

கொல்கத்தாவில் வந்து இறங்கியபோது காரின் பாட்டரி உயிரற்றுக் கிடந்தது. உறவினர் வீட்டுப் பிள்ளைகளும் எதிர் வீட்டு வங்காளியரும் சேர்ந்து தள்ளினார்கள். மூன்றாம் தள்ளலில் இருமிக்கொண்டு கிளம்பியது. பரிசோதனைக்கு மார்ச்சு முதல் வாரத்தில் நாள் குறித்திருக்கிறோம். பாட்டி ஏறினார், பிறகு நாங்கள் ஏறினோம். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும், "நிறுத்து அப்பா, கொஞ்சம் நடக்கிறேன்" என்றார். ஓரமாக நிறுத்தினோம்.