முனியறைக்கு வேலி இல்லை

மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையில் சுமார் 40 கி.மீ. வந்தால் மறையூர். சாலையோரம் கம்பிவேலி; உள்ளே சந்தனக் காடு. வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சுள்ளி பொறுக்கினாலும் குற்றம். விதி தெளிவு, காவலும் பலம்.

கோவில்கடவை ஒட்டிய பாறை மேட்டில் கதை வேறு. நாற்புறமும் கற்பலகை, மேலே ஒரு மூடுகல். இவைதான் முனியறைகள். முனிவர்கள் தவமிருந்த இடம் என்கிறது ஊர். பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்கிறது தொல்லியல். எது உண்மையானாலும் செருப்புக் காலோடு மூடுகல்லில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடமல்ல. ஆனால் ஏறுகிறார்கள். பல அறைகள் ஏற்கெனவே சரிந்து கிடக்கின்றன.

கற்களுக்கே இப்படி என்றால் மனிதர்களுக்கு? சுற்றியுள்ள மலைகளில் முதுவர் குடிகள் இருக்கின்றன. மாதவிலக்கு நாட்களில் பெண்கள் தங்கத் தனி வீடு வைத்திருப்பது அவர்கள் வழக்கம். அந்த வழக்கம் சரியா என்ற விவாதம் இருக்கட்டும். காமிராவோடு அந்த வாசலை எட்டிப் பார்க்கும் உரிமை விருந்தாளிக்கு இல்லை. குடிக்குள் போக வனத்துறையின் அனுமதி மட்டும் போதாது. குடியில் மூத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் காமிரா பைக்குள் போக வேண்டும்.

சந்தனத்துக்கு விலை உண்டு. அதனால் வேலியும் உண்டு. விலையில்லாதவற்றைக் காப்பது வருகிறவரின் கூச்சம் ஒன்றுதான். மறையூருக்குக் கிளம்பும்போது மறக்காமல் எடுத்துச்செல்ல வேண்டியது அதைத்தான்.