தனித்தெடுத்த ஈரலுயிரணு

வடசேரி, திங்கள் இரவு

ஆராய்ச்சிக்கூடத்தில் பணிபுரியும் அண்ணன் மகள் அனுப்பியிருந்த, மனிதக் கல்லீரலினின்று தனித்தெடுத்த உயிரணு ஒன்றின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1969இல் பெரி, ஃபிரெண்ட் என்னும் இருவர், எலியின் ஈரலுக்குள் கொலாஜினேஸ் என்ற நொதியைச் செலுத்தி, உயிரணுக்களைப் பிணைக்கும் இழைகளைக் கரைத்து, அவற்றை உயிரோடு மிகுதியாகப் பிரித்தெடுக்கும் வழியைக் காட்டினர். பின்னர் அவ்வழியே, அறுவைச் சிகிச்சையில் நீக்கிய மனித ஈரல் துண்டுகளுக்கும், மாற்றிப் பொருத்த உதவாத தான ஈரல்களுக்கும் பயன்பட்டது.

புதன்

குளூட்டரால்டிஹைடு புரதங்களை நிலைநிறுத்த, ஆஸ்மியம் டெட்ராக்சைடு கொழுப்பைக் காக்க, பிசினுள் இறுகிய அவ்வுயிரணுவைச் சுமார் 60 நானோமீட்டர் கனத்தில் சீவுகிறார்கள். நம் வடசேரிக் கம்மியர் கோயில் நகைகளுக்கு ஒட்டும் தங்க ரேக்கும் இதன் முன் தடித்ததே. 25 மைக்ரான் அகலமுள்ள ஓர் உயிரணு, இக்கணக்கில், 400 சீவல்களுக்கு மேல் தரும். ஒரு படம் காட்டுவது அவற்றுள் ஒன்றையே. 1940களில் கல்கத்தாவில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியைத் தாமே நிர்மாணித்து, காலா அசார் நோயின் கிருமியை அதில் ஆராய்ந்த என். என். தாஸ்குப்தாவை நம் மாணவர் அறியாதிருப்பது எனக்குப் பெருந்துக்கம்.

வெள்ளி

டிரைபான் நீலம் உட்புகாத உயிரணுவை ஜீவனுள்ளதென எண்ணி விடுவது வழக்கம். அச்சாயம் சொல்வதெல்லாம் வெளிச்சவ்வு கிழியவில்லை என்பது மட்டுமே; மைட்டோகாண்ட்ரியா வீங்கியிருப்பதையும், கிளைகோஜன் மணிகள் குன்றியிருப்பதையும், சவ்வு கொப்புளித்திருப்பதையும் எலெக்ட்ரான் நுண்ணோக்கி புலப்படுத்தும். ஈரலில் அண்டை உயிரணுவோடு சேர்ந்து பித்த நுண்குழாயை அமைத்திருந்த ஒரு பக்கமும், இரத்தத்தை நோக்கியிருந்த மறுபக்கமும், பிரிந்ததும் தம் பேதத்தை இழக்க, உயிரணு உருண்டு, சுற்றிலும் நுண்விரல்கள் முளைத்து நிற்கிறது. இது மரணமன்று, ஆயினும் ஈரலுக்குள் இருந்த நிலையும் அன்று. மருந்தொன்றின் விஷத்தன்மையை இவ்வுயிரணுவில் சோதிப்பவர் இவ்வேறுபாட்டை மறத்தல் தகாது.

துக்கத்தின் நடுவே ஒரு குடும்பம் சம்மதித்துத் தந்த ஈரலும் இச்சோதனைகளுக்கு வருகிறது. ஆதலால், உயிரணுக்களைப் பிரிக்கும் முறையை நிலைநாட்டும்போதாவது, எண்களோடு நுண்ணோக்கிப் படங்களையும், நன்றாயிருப்பவற்றை மட்டுமன்றிச் சிதைந்தவற்றையும், அச்சிடுமாறு ஆராய்ச்சியாளரை வேண்டுகிறேன்.