அம்மம்மாவுக்குள் என்ன இருந்தது?

உங்களில் யாராவது ஆப் எழுதிப் பழகுகிறீர்களா? அப்படியென்றால் என் மடத்தனத்தைக் கேளுங்கள்.

ஸ்கார்பரோ வீட்டுக் குசினியில் அம்மம்மா சொல்லச் சொல்ல நான் தட்டி வைத்ததெல்லாம் ஃபயர்ஸ்டோரில் இருந்தது. ‘அம்மம்மா’ என்று ஓர் ஆவணம். அதற்குள் கதைகள், சமையல் என்று துணைத் தொகுப்புகள்.

போன மாதம் பழைய சோதனைப் பதிவுகளை அழிக்கும்போது அந்த ஆவணத்தையும் அழித்துவிட்டேன். ஆப்பில் அம்மம்மாவைக் காணவில்லை. அவ எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருடம். அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இரவு முழுக்கத் தேடிப் படித்தேன். ஃபயர்ஸ்டோரில் ஆவணத்தை அழித்தாலும் அதன் கீழிருக்கும் தொகுப்புகள் அழியாதாம்! ஆனால் ஃபோனிலோ பிரவுசரிலோ ஓடும் நிரல், “உள்ளே என்னென்ன தொகுப்பு இருக்கு?” என்று கேட்க முடியாது. பெயர் தெரிந்தால்தான் திறக்கலாம். எனக்கு இரண்டு பெயர்தான் ஞாபகம்.

சர்வர் பக்க நிரலுக்கு மட்டும் ‘லிஸ்ட்கலெக்‌ஷன்ஸ்’ என்றொரு கட்டளை உண்டு. லாப்டாப்பில் நாலு வரி எழுதி, அழித்த ஆவணத்தின் முகவரியைக் கொடுத்து ஓடவிட்டேன்.

மூன்று பெயர்கள் வந்தன. கதைகள், சமையல், தாலாட்டு.

தாலாட்டா? அதை எப்போது தட்டினேன் என்றே நினைவில்லை. திறந்தேன். பதினொரு வரி.

“அம்மா, இங்க ஒருக்கா வாங்கோ” என்று கூப்பிட்டேன்.