நவம்பரில் ஒரு தேர்வு வாரம்

கல்லூரித் தேர்வு என்றதும் உறக்கமிழந்த கண்களும் நடுங்கும் விரல்களுமே பலருக்கு நினைவில் எழும். அவை மெய்யே. ஆயினும் மதிப்பெண் பட்டியலில் ஏறாத சில வெற்றிகளும் அந்த வாரத்துக்குள் நிகழ்ந்துவிடுகின்றன.

கும்பகோணத்தில் விடுதியில் தங்கி இளநிலை இயற்பியல் பயின்ற மாணவி ஒருத்திக்குத் தேர்வு வாரம் நவம்பரில் வந்தது. திருவாரூர் மாவட்டத்துச் சிற்றூரில் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உழும் குடும்பம் அவளுடையது. அக்குடும்பத்திலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவளே. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் பயின்றவளுக்குக் கல்லூரியில் எல்லாம் ஆங்கிலமாயிற்று. மின்காந்தவியல் தாளில் முந்தைய பருவத்தில் தோற்றிருந்தாள். மாணவர் வழக்கில் அதற்கு 'அரியர்' என்று பெயர். 1904 இல் உதவித்தொகையுடன் அதே ஊரின் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி அதனை இழந்தார் என்பதை அவளும் அறிவாள். ஆனால் நள்ளிரவில் புத்தகத்தின்முன் அமர்ந்திருப்பவருக்கு அத்தகைய ஆறுதல்கள் அவ்வளவாக உதவுவதில்லை.

திங்களன்று நடந்த முதல் தேர்வில் கூடுதல் விடைத்தாள் கேட்டுக் கையுயர்த்தினாள். கல்லூரிக்கு வந்தபின் அதுவே முதன்முறை. அத்தாளை நூலால் கோத்துக் கட்டியபோது முகத்தில் எழுந்த முறுவலைக் கண்காணிப்பாளர் கவனித்திருக்க மாட்டார். அன்று மாலை விடுதிச் சமையற்கார அம்மா கேளாமலே இன்னொரு வடையை வைத்ததையும் இக்கணக்கில் சேர்க்கலாம்.

மின்காந்தவியல் தேர்வு புதனன்று நடப்பதாக இருந்தது. செவ்வாய் மாலை தொடங்கிய மழை விடியும்வரை ஓயவில்லை. காலையில் விடுமுறை அறிவிப்பு வந்தது; தேர்வு சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. படித்து முடித்தவர்கள் புலம்பினர். முடிக்காதவர்கள் தாழ்வாரத்தில் துள்ளிக் குதித்தனர். அவளும் குதிக்கத்தான் எழுந்தாள். அதற்குள் ஊர் நினைவு வந்தது. நட்டு முப்பது நாளான சம்பாப் பயிர். வடிகால் வாய்க்காலோ தூர்ந்து கிடந்தது. தனக்கு மூன்று நாள் ஈந்த மழை தந்தைக்கு என்ன செய்யுமோ என்று எண்ணியபடி மீண்டும் அமர்ந்தாள்.

அறைத்தோழி வணிகவியல் முதலாண்டு மாணவி. பொழுதுபோகாமல் புத்தகத்தை எட்டிப் பார்த்தவள், மின்தேக்கியின் படத்தைச் சுட்டி, “அக்கா, நடுவில் கம்பியே இல்லையே, மின்சாரம் எப்படிப் போகும்?” என்றாள். வரையறையை ஆங்கிலத்தில் ஒப்பித்துவிட எண்ணி வாய்திறந்த மாணவி நின்றுவிட்டாள். வரிகள் மனப்பாடமாக இருந்தன, விடை இல்லை.

பெட்டியின் அடியில் கிடந்த பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நூலை எடுத்தாள். மின்காந்த அலைகள் பாடத்தைத் தமிழில் படித்தாள். பின்னர்ச் சாப்பாட்டுத் தட்டுகள் இரண்டை எதிரெதிரே நிறுத்தி விளக்கத் தொடங்கினாள். தகடுகளுக்கு இடையே மின்துகள் எதுவும் தாவுவதில்லை. தகடுகளில் மின்னூட்டம் ஏற ஏற, இடையிலுள்ள மின்புலம் மாறுகிறது. அம்மாற்றமே, மின்னோட்டம் செய்வதுபோல், சுற்றிலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அதற்கே இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று பெயர். ஆம்பியரின் விதியில் மேக்ஸ்வெல் இதனைச் சேர்த்த பின்னரே ஒளியும் ஒரு மின்காந்த அலை என்பது கணக்கில் துலங்கியது. சொல்லி முடித்தபோது தோழிக்கு எவ்வளவு விளங்கிற்றோ, சொன்னவளுக்கு முழுதும் விளங்கிவிட்டது. நாலு மாதமாகத் திறவாத கதவு அது. தட்டுகளைக் கழுவி வைக்கவும் மறந்து, அன்றிரவு மற்றொரு முறை சுவரைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

சனிக்கிழமைத் தாளில் அவ்வினா வந்திருந்தது. தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவது இரட்டை உழைப்பு. விடைத்தாளைத் திருத்துவோருக்கு அதில் பாதிதான் தெரியும். அவள் படத்தை நிதானமாக வரைந்தாள். 3 மணி நேரம் போதுமானதாகவே இருந்தது.

வெளியே வந்ததும் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தாள். “சாப்பிட்டியாம்மா?” என்று முதலில் கேட்டார். தேர்வைப் பற்றிச் சொன்னாள். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லதும்மா” என்றார். பிறகு, அவள் கேட்கத் தயங்கியதைத் தாமே சொன்னார்: “நேத்து சாயங்காலமே தண்ணி வடிஞ்சிடுச்சு. பயிரு தலை நிமிர்ந்துருச்சு.”