வழியில் கரையும் உழைப்பு

சம்பளக் கணக்கில் வேலைநேரம் அலுவலக வாசலில் தொடங்குகிறது. உடம்பின் கணக்கிலோ அது வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் நெரிசலில் நின்று வருபவரும், பழைய மகாபலிபுரம் சாலையில் பேருந்தின் கம்பியைப் பிடித்தபடி வருபவரும் இருக்கையில் அமரும் முன்பே களைத்துப்போகிறார்கள். இந்தக் களைப்பை அவரவர் பாடு என்று ஒதுக்காமல், வேலையின் ஒரு பகுதியாகவே கருதவேண்டும்.

இது வெறும் சலிப்பு அல்ல. நியூ ஜெர்சியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ரயிலில் சென்றவர்களின் உமிழ்நீரை கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் ஆகியோர் சோதித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பயண நேரம் கூடக் கூட மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசால் கூடியிருந்தது; பிழை திருத்தும் சோதனையில் செயல்திறன் குறைந்திருந்தது. ஆகவே நஷ்டம் முதலாளிக்கும்தான். "போகப் போகப் பழகிவிடும்" என்பார்கள். மாறாத சிரமத்துக்கு மனம் பழகலாம். வண்டி எப்போது வரும், ஏற இடம் கிடைக்குமா, தாமதத்துக்கு என்ன பதில் சொல்வது என்று தினமும் புதிதாக எழும் கவலைக்குப் பழகுவது கடினம்.

தொலைவில் குடியிருப்பது அவரவர் தேர்வு, குறைந்த வாடகை அதை ஈடுகட்டும் என்ற வாதமும் உண்டு. ஜெர்மனித் தரவுகளை ஆராய்ந்த அலோயிஸ் ஸ்டட்சர், புரூனோ ஃப்ரே ஆகிய பொருளியலாளர்கள், நீண்ட தூரம் பயணிப்பவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருப்பதை 2008-இல் காட்டினார்கள். சம்பளமும் வாடகையும் அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. தேர்வு என்ற சொல்லே பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். சென்னையின் உள்பகுதிக் குடிசைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டவர்களுக்கு வீடு மாறியது. வீட்டுவேலையும் கூலிவேலையும் பழைய தெருக்களிலேயே தங்கிவிட்டன. 2021-இல் வந்த மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் காசை மிச்சப்படுத்தியது. அது பெரிய உதவி. ஆனால் சாலையில் போகும் நேரத்தை அது திருப்பித் தராது.

வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தைப் பணியிடக் காயமாகக் கருத, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 2010-இலேயே திருத்தப்பட்டது. வழியில் முறியும் எலும்பு வேலையின் பொறுப்பு என்றால், அதே வழியில் நாள்தோறும் தேயும் உடம்பும் மனமும் வேறு யார் பொறுப்பு? எல்லா வேலையையும் வீட்டிலிருந்து செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் பணி தொடங்கும் நேரத்தை ஆளுக்கு ஆள் மாற்றி வைக்கலாம். போக்குவரத்துத் தாமதத்துக்குச் சம்பளம் பிடிப்பதை நிறுத்தலாம். பேருந்துகளைக் கூட்டுவதும், வேலை இருக்கும் இடத்தருகே ஏழைகளுக்கு வீடு கட்டுவதும் அரசின் கடமை. பயண நேரமும் உழைப்பாளியின் ஆயுள்தான். அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.